தூசி ஒட்டாத அட்டைகள்

அத்தியாயம் 6

அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குக் காலையில் வருகிறவர்கள் இரண்டே வகை. எதையாவது தொலைத்துவிட்டு வருகிறவர்கள் ஒரு வகை. கீழே இருக்கும் ஜெராக்ஸ் கடை என்று நினைத்து மாடி ஏறிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணின் நெஞ்சோடு ஒரு கனத்த காகிதக் கட்டு ஒட்டியிருந்ததால், ஒட்டடை அவளை இரண்டாவது வகையில் சேர்த்தான்.

"ஜெராக்ஸ் கீழ. பைண்டிங்கும் அங்கதான்."

"துப்பறியறவங்களைப் பாக்கணும்."

"அப்படி யாராவது சொல்ல மாட்டாங்களான்னு நானும் ஒரு வாரமாக் காத்துக்கிட்டிருக்கேன். உக்காருங்க."

ஒட்டடை என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. உயரமாக வளர்ந்துகொண்டே போன உடம்பு, அகலமாவதற்கு மறந்துவிட்டது. கூரை மூலையில் தொங்குவதுபோல எப்போதும் கதவோரமாகச் சாய்ந்து நிற்பான். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்தவரை ஊரே வக்கீலம்மா என்றது. அவர் நீதிமன்றத்துக்குப் போய்க் கொஞ்ச நாள்தான் வாதாடினார். அந்தக் கட்டடத்தில் உண்மையைத் தேடுகிற ஒரே ஆள் தான்தான் என்று தெரிந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்துவிட்டார். பட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

"என்ன தொலைஞ்சது?" என்றார் வக்கீலம்மா.

"தூசி."

ஒட்டடை தன் மேஜையை ஒரு பார்வை பார்த்தான். "எங்ககிட்ட நிறைய இருக்கு. எவ்வளவு வேணும்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. கல்லூரியில் கடைசி வருஷம், வேதியியல். பாடத்தோடு ஒரு ஆராய்ச்சியும் செய்து முடித்தால்தான் பட்டம். மற்றவர்கள் எல்லாரும் போன வருஷத்து ஆராய்ச்சிக்குப் புது அட்டை போட்டுக் கொடுத்துவிட்டுச் சினிமாவுக்குப் போனபோது, இவள் மட்டும் நிஜமாகவே ஆராய்ச்சி செய்து தொலைத்திருக்கிறாள். வினை அங்கேதான் ஆரம்பம்.

"ஊர் எல்லையில சிமென்ட் ஆலை இருக்கு இல்ல மேடம், அதோட தூசி எங்கெங்க எவ்வளவு விழுதுன்னு அளந்தேன். ரொம்பச் சுலபமான முறை. வெள்ளை பிளாஸ்டிக் அட்டையில வாசலின் தடவி மொட்டைமாடியில கட்டி வச்சா, விழற தூசி அதுல ஒட்டிக்கும். ஒரு மாசம் கழிச்சு எடுத்துப் பார்த்தா எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்."

"எங்கெங்க கட்டின?"

"சந்தையில, பஸ் நிலையத்துல, அப்புறம் ஆலையோட சுவரை ஒட்டி இருக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடத்துல. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக ஒரு அட்டையை எங்க லேப்ல மூடின அலமாரிக்குள்ள வச்சேன்."

அவள் காகிதக் கட்டைப் பிரித்து அட்டைகளை மேஜையில் வரிசையாக வைத்தாள். சந்தை அட்டை சாம்பல் நிறம். பஸ் நிலையத்து அட்டை அதைவிடக் கறுப்பு. அலமாரி அட்டையில்கூட லேசாக ஒரு மங்கல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மூன்று அட்டைகள் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவைபோல மினுங்கின.

வக்கீலம்மா அவற்றைப் பார்த்தார். அலமாரி அட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஆலைக்குப் பக்கத்துல திறந்த மாடியில ஒரு மாசம் இருந்தது, மூடின அலமாரிக்குள்ள இருந்ததைவிடச் சுத்தமா இருக்கு."

"நேத்து ராத்திரி ஆராய்ச்சிப் போஸ்டர்ல ஒட்டறப்போதான் எல்லா அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன் மேடம். அதுவரைக்கும் காத்து வேற பக்கம் அடிக்குதுன்னு நினைச்சு, ஆராய்ச்சியிலயும் அப்படியே எழுதிட்டேன். பள்ளிக்கூடத்துல தூசியே இல்லைன்னு."

"எழுதினதுக்கு என்ன கிடைச்சது?"

"முதல் பரிசு." சொல்லும்போது அவள் பார்வை தரைக்குப் போனது. "இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு. ஆலை முதலாளிதான் கொடுக்கறார். மேல படிக்கிறதுக்கும் அவரே உதவறதா அறிவிக்கப் போறார். அதே மேடையில, ஆலைக்கு ரெண்டாவது புகைபோக்கி கட்டறதைப் பத்தி அதிகாரி பொதுமக்கள்கிட்டக் கருத்துக் கேக்கறார். என் ஆராய்ச்சியைத்தான் ஆதாரமாக் காட்டப் போறாங்க. அப்பா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டார்."

"பலே," என்றான் ஒட்டடை. "ஆலைத் தூசியை அளந்ததுக்கு ஆலைக்காரனே பரிசு கொடுத்து, ஆலைக்காரனே புகைபோக்கி கட்டறான். பொண்ணும் அவங்க வீடு, மாப்பிள்ளையும் அவங்க வீடு. சாப்பிட்டுட்டுக் கை கழுவறது மட்டும்தான் நம்ம வேலை."

வக்கீலம்மா ஒரு பள்ளிக்கூட அட்டையை எடுத்து மூக்கருகே கொண்டு போனார்.

"நீ தடவின வாசலின்ல வாசனை உண்டா?"

"இல்லை மேடம். மருந்துக் கடை வாசலின்."

"இது சந்தனம் மணக்குது."

ஒட்டடையும் மோந்து பார்த்தான். முகத்துக்குப் போடும் க்ரீம். சந்தேகமே இல்லை. வக்கீலம்மா அட்டையின் மூலையில் தொங்கிய நூலைத் தொட்டார். "இந்த முடிச்சு உன்னோடதா?"

பெண் குனிந்தாள். நூல் இரட்டைக் காதுகளுடன் அழகான பூவாகக் கட்டப்பட்டிருந்தது. "இல்லையே. நான் கட்டினா இறுக்கு முடிச்சுதான். பல்லால கடிச்சாத்தான் அவிழும். அம்மா எப்பவும் திட்டுவாங்க."

"அட்டை மாத்தியிருக்காங்களா?"

அவள் பின்புறத்தைத் திருப்பினாள். அவள் போட்ட கையெழுத்து அங்கேயே இருந்தது. "இல்லை. இது என் அட்டைதான்."

"அப்போ திருட்டு இல்லை. யாரோ துடைச்சு, க்ரீம் தடவி, பூ முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்காங்க." வக்கீலம்மா எழுந்தார். "கெட்ட காரியம் பண்றவன் இவ்வளவு அழகா முடிச்சுப் போட மாட்டான். ஒட்டடை, வண்டியை எடு."

*

கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் நுழைவதற்கு முன்பே ஒரு பலகை வரவேற்றது. 'இக்கூடத்தை மனமுவந்து வழங்கியது சிமென்ட் ஆலை நிர்வாகம்.' உள்ளே மின்விசிறியிலும் ஆலையின் பெயர் எழுதியிருந்தது. விசிறி சுற்றினால் பெயர் தெரியாது என்பதற்காகவோ என்னவோ, அதை யாரும் போடுவதே இல்லையாம்.

வழிகாட்டிப் பேராசிரியர் இடுப்பில் முதுகுவலி பெல்ட்டோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வழிகாட்டி என்றால் வழியைக் காட்டுகிறவர். கூட நடந்து வருகிறவர் என்று யாரும் சொல்லவில்லையே.

"இயற்கை உனக்கு நல்ல ரிசல்ட் கொடுத்திருக்கும்மா," என்றார் மாணவியிடம். "நீ ஏன் இயற்கையோட சண்டைக்குப் போற?"

"சார், அலமாரி அட்டையைவிட..."

"அலமாரியில தூசி இருந்தா அது அலமாரியோட தப்பு. துடைக்கச் சொல்லு."

ஒட்டடை அதற்குள் அவர் மேஜையில் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டான். ஒரு க்ரீம் டியூப். மூடியைத் திறந்து மோந்தான். சந்தனம். வக்கீலம்மாவைப் பார்த்துப் புருவத்தை இரண்டு தடவை ஏற்றி இறக்கினான். கேஸ் முடிந்தது, சாப்பிடப் போகலாம் என்பது அதன் பொருள்.

வக்கீலம்மா புருவத்தை அசைக்கவே இல்லை. கையிலிருந்த அட்டைக் கட்டையும் ஒரு துண்டு நூலையும் பேராசிரியர் முன்னால் வைத்தார். "சார், இதைக் கொஞ்சம் கட்டிக் கொடுங்களேன். எனக்குக் கை வலி."

பேராசிரியர் நூலை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினார். அது நழுவியது. மறுபடி சுற்றினார். முடிச்சு விழுந்தது, அட்டைகளும் விழுந்தன. அலுத்துப்போய் நூலைத் தள்ளிவிட்டு ஸ்டேப்ளரை எடுத்தார். "இதுதாம்மா நவீன முறை." அவர் காலில் கிடந்த செருப்புகூட ஒட்டிப் பிரிக்கிற வகைதான்.

"ரொம்ப நன்றி," என்றார் வக்கீலம்மா. "நீங்க ஏணியில ஏறுவீங்களா சார்?"

"நான் படிக்கட்டே ஏறுறதில்லை. டாக்டர் கூடாதுன்னுட்டார்."

வெளியே வந்ததும் ஒட்டடை முணுமுணுத்தான். "மேடம், ஒரே ஒரு சாட்சி கிடைச்சது. அதையும் நீங்க நூலை விட்டு அடிச்சுட்டீங்க."

"சந்தன க்ரீம் ஊர்ல பாதிப் பேர் பூசறாங்கடா. பூ முடிச்சு எல்லாருக்கும் வராது." வக்கீலம்மா மாணவியிடம் திரும்பினார். "பள்ளிக்கூடத்து மாடிக்கு நீ எத்தனை தடவை ஏறின?"

"கட்டறப்போ ஒரு தடவை."

"எடுக்கறப்போ?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஏற வேண்டியிருக்கல மேடம். பெரிய டீச்சர் ரொம்ப நல்லவங்க. அவங்களே எடுத்து, உறையில போட்டு கேட்லயே கொடுத்துட்டாங்க. இப்போ ரெண்டாவது தடவைக்கான அட்டை அங்க தொங்குது."

"எதுக்காக அட்டை கட்டறோம்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"சொல்லக் கூடாதுன்னு சார் சொன்னார். தெரிஞ்சா ஜனங்க நடந்துக்கற விதமே மாறிடும், ரிசல்ட் கெட்டுப் போயிடும்னார். அதனால காலேஜ் முத்திரை வச்ச கடுதாசியைக் காட்டி, தர ஆய்வுன்னு மட்டும் சொன்னேன்."

"ஆக, ரிசல்ட் கெட்டுப் போகாம ரொம்பப் பத்திரமாப் பாத்துக்கிட்டிருக்கீங்க," என்றான் ஒட்டடை.

*

பள்ளிக்கூட வாசலில் இறங்கியதும் ஒட்டடைக்குத் தொண்டையில் ஏதோ அறுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆலையின் புகைபோக்கி தனியாக நின்றது. அதற்குத் துணை தேடித்தான் இத்தனை ஏற்பாடு. தெருவோரச் செடிகளின் இலைகள் எல்லாம் சாம்பல் பூசியிருந்தன. ஆனால் பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டிக் காலை வைத்தால் வேறு உலகம். தரையில் முகம் பார்க்கலாம். செடிகளின் இலைகள் ஒவ்வொன்றாகக் கழுவப்பட்டுப் பச்சையாக இருந்தன. சுவரெல்லாம் கேடயங்கள். சுத்தமான பள்ளி, மிகச் சுத்தமான பள்ளி, தொடர்ந்து சுத்தமான பள்ளி.

பெரிய டீச்சர் எனப்பட்ட தலைமை ஆசிரியை, விறைப்பான பருத்திப் புடவையில் ஓடி வந்தார். மாணவியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். பின்னால் நின்ற வக்கீலம்மாவின் கண்டிப்பான முகத்தையும், ஒட்டடை கையில் வைத்திருந்த காகிதக் கட்டையும் பார்த்தார். முகத்தில் ஒரு பணிவு வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துப் பழகிய பணிவு.

"வாங்க, வாங்க. முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லாட்டியும் ஒண்ணும் இல்லை. எப்ப வந்தாலும் இப்படித்தான் இருக்கும். மணிக்கொரு தரம் பெருக்கறோம், துடைக்கறோம்."

"மணிக்கொரு தரமா?" என்றார் வக்கீலம்மா. "அவ்வளவு குப்பை எங்கேருந்து வருது?"

"அது வெளியிலேருந்து வருதுங்க. உள்ள நாங்க இருக்க விடறதில்லை."

வகுப்பறையைத் தாண்டும்போது ஒரு குழந்தை இருமியது. அடுத்து இன்னொன்று. வரிசையாகப் பத்துப் பதினைந்து குழந்தைகள், முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருமினார்கள்.

"பாத்தீங்களா?" பெரிய டீச்சரின் குரலில் பெருமை. "சுகாதாரமா இருமறதுக்குப் பயிற்சி கொடுத்திருக்கோம். போன தடவை வந்த ஆய்வுக் குழு இதைத் தனியாப் பாராட்டி எழுதிட்டுப் போனாங்க."

ஒட்டடைக்கு நாக்கின் நுனி வரை ஒரு கிண்டல் வந்தது. அந்தக் குழந்தைகளின் முதுகுகள் குலுங்குவதைப் பார்த்ததும் அது திரும்பிப் போய்விட்டது. அவனுக்கு இப்படி நேர்வது அபூர்வம்.

வராந்தாவில் ஒரு சிறுமி ஓடி வந்தாள். ரிப்பன் அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கன்னங்கள் வறண்டு வெடித்திருந்தன. பெரிய டீச்சர் பேச்சை நிறுத்தாமலேயே அவளைப் பிடித்துத் திருப்பினார். கைப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துக் கன்னத்தில் க்ரீம் தடவினார். காற்றில் சந்தனம் மணந்தது. விரல்கள் ரிப்பனை ஒரு சுழற்று சுழற்றின. இரட்டைக் காதுகளுடன் அழகான பூவாக முடிச்சு விழுந்தது.

ஒட்டடை அந்த ரிப்பனைப் பார்த்தான். கையிலிருந்த அட்டையின் நூலைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் புருவத்தை ஏற்றவில்லை.

மாணவியும் பார்த்துவிட்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வக்கீலம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

"மாடியைப் பாக்கலாமா டீச்சர்?"

"தாராளமா."

மொட்டைமாடிச் சாவி பெரிய டீச்சரின் இடுப்பிலேயே இருந்தது. மாடியும் கீழ்த்தளத்தைப் போலவே பளிச்சென்று இருந்தது. வக்கீலம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். விரல் சுத்தமாகவே திரும்பி வந்தது. அங்கேயும் துடைத்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் அட்டைகள் மூன்றும் பூ முடிச்சுகளோடு காற்றில் ஆடின. வெயிலில் கண் கூசியது.

"தினம் சாயங்காலம், பசங்க போனதும், நானே மேல வந்துடுவேன்," என்றார் பெரிய டீச்சர். "இந்த வேலையை ஆயாகிட்ட விட மனசு வரல. பழைய பசையை வழிச்செடுத்துட்டு, என் க்ரீமையே புதுசாப் பூசிடுவேன். தொடக் கூடாதுன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு, தெரியும். ஆய்வுக்கு வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அதுக்காக அழுக்கை அப்படியே விட்டு வைக்க முடியுமா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தத் தடவையும் பாஸ்தானே?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஆலை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மாணவிதான் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். இது பள்ளிக்கூடத்துக்கு வைத்த பரீட்சை இல்லை, ஆலைக்கு வைத்தது. அட்டை எவ்வளவு அழுக்காகிறதோ அவ்வளவு தூசி இங்கே விழுகிறது என்று அர்த்தம். அட்டை சுத்தமாக இருந்ததால், தூசியே இல்லை என்று எழுதிவிட்டாள். அதை வைத்துத்தான் இன்றைக்கு இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கேட்கப்போகிறார்கள்.

பெரிய டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் கீழே வகுப்பறை இருந்த பக்கமே பார்த்தார். இருமல் மேலே வரை கேட்கவில்லை. அவ்வளவு நல்ல பயிற்சி.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் கடைசியில்.

"சொல்லியிருக்கணும் டீச்சர்."

"சொல்லியிருந்தா நான் துடைச்சிருப்பேனா? பசங்க இருமறதை நானும்தானே தினம் கேக்கறேன்."

மாணவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை இல்லை.

"சரி," என்றான் ஒட்டடை, நிலைமையைச் சமாளிக்க. "திருடன் கிடைச்சாச்சு. திருடனே இல்லைன்னும் தெரிஞ்சாச்சு. ஆனா நாலு மணிக்கு மேடையில காட்ட நம்மகிட்ட இருக்கறது மூணு பளபளப்பான அட்டையும் ஒரு அழுகையும்தான்."

மாணவி அவனிடம் மெதுவாகக் கேட்டாள். "இன்னிக்குப் பரிசை வாங்கிக்கிட்டு, அப்புறமா நிதானமாத் திருத்தி எழுதிக் கொடுத்தா?"

"விருந்து சாப்பிட்டு முடிச்சுட்டு, இலையில பல்லி கிடந்ததுன்னு சொல்ற மாதிரி."

"எங்க அப்பா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

வக்கீலம்மா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவர் பெரிய டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தினமும் அட்டையைத் துடைச்சீங்களே, எதால துடைச்சீங்க?"

"பஞ்சால."

"துடைச்ச பஞ்சை எங்க போட்டீங்க?"

அவ்வளவு துக்கத்திலும் பெரிய டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க போட்டேனா? இது குப்பையைக் கண்ட இடத்துல போடற பள்ளிக்கூடம் இல்லைங்க."

படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக வண்ணத் தொட்டிகள். மக்கும் குப்பை, மக்காத குப்பை, பிரிக்க வேண்டிய குப்பை. ஆய்வுக் குழு வந்தால் காட்டுவதற்காகப் பிரித்து வைத்தவை. குப்பையைப் பிரிப்பதற்குத்தான் உத்தரவு வந்திருந்தது. எடுத்துக்கொண்டு போக வண்டி வந்தபாடில்லை. கடைசித் தொட்டியிலிருந்து பெரிய டீச்சர் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பெரிய கண்ணாடிப் பையைத் தூக்கினார். அதன் மேல் அச்சடித்தாற்போன்ற கையெழுத்தில், 'மாடி அட்டைகளின் அழுக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது.

பை நிறையப் பஞ்சு. ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. சில உருண்டைகள் காய்ந்து, கெட்டியாகி, கல்லாகவே மாறியிருந்தன.

ஒட்டடை பையைத் தட்டிப் பார்த்தான். டக் டக் என்றது. "மேடம், கட்டடமே கட்டலாம் போலிருக்கு."

"இதை வச்சு ஒண்ணும் அளக்க முடியாது," என்றாள் மாணவி. "க்ரீம் கலந்திருக்கு, எல்லா நாளும் ஒண்ணாக் கலந்திருக்கு. கேட்டா, இது ஆராய்ச்சியே இல்லைன்னுதான் நானே சொல்லணும்."

"சொல்லு," என்றார் வக்கீலம்மா. "காணாமப் போன தூசியைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கறது வரைக்கும்தான் என் வேலை. அதை என்ன பண்றதுங்கறது உன் வேலை."

*

நகர மண்டபத்தின் வாசலிலேயே மாணவியின் முகம் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. 'எங்கள் ஊரின் இளம் விஞ்ஞானி' என்று கீழே போட்டு, அதற்கும் கீழே ஆலையின் பெயரை அவள் தலையைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மேடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை. நடுவில் அனுமதி கொடுக்கும் அதிகாரி. அவருக்கு ஒரு பக்கம் ஆலை முதலாளி, மறுபக்கம் பெல்ட்டோடு பேராசிரியர். மேடைக்கு ஏறும் படிக்கட்டில் அவரை இருவர் தூக்கி விட்டார்களாம்.

முதல் வரிசையில் மாணவியின் அப்பா, இஸ்திரி போட்ட சட்டையில், பக்கத்து இருக்கைக்காரரிடம் மகளைக் காட்டிக் கொண்டிருந்தார்.

"தூசி இல்லாத ஆலை," என்று தொடங்கினார் முதலாளி. "நான் சொல்லலை. அறிவியல் சொல்லுது. எங்க சுவரை ஒட்டியிருக்கிற பள்ளிக்கூடத்துல ஒரு பொட்டுத் தூசி இல்லைன்னு இந்தக் குழந்தை நிரூபிச்சிருக்கா." கேடயத்தை எடுத்து நீட்டினார். கைதட்டல் எழுந்தது.

மாணவி மேடை ஏறினாள். கேடயத்தைத் தாண்டிப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒட்டடை சுவரில் சாய்ந்து நின்றான்.

"என் ஆராய்ச்சி தப்பு," என்றாள். "பள்ளிக்கூடத்து அட்டைகளைத் தினமும் துடைச்சிருக்காங்க. துடைச்சவங்க மேல தப்பு இல்லை. எதுக்குன்னு நான் அவங்ககிட்ட சொல்லவே இல்லை. ஒரே ஒரு தடவைதான் மாடி ஏறினேன். மறுபடி ஏறியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அதனால நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். இதை யாரும் ஆதாரமாக் காட்டக் கூடாது."

முதல் வரிசையில் அப்பா பக்கத்து இருக்கைக்காரரின் தோளிலிருந்து கையை எடுத்தார்.

பேராசிரியர் உட்கார்ந்தபடியே ஒலிபெருக்கியை இழுத்தார். "சின்னப் பொண்ணு, மேடைப் பயம். அறிவியல்ல இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பிழைகள் சகஜம்."

"பிழையைச் சொல்றதும் சகஜமா இருக்கணும் சார்," என்றாள் அவள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. தூசி இல்லைன்னு நீ எழுதினது தப்பு. ஆனா தூசி இருக்குங்கறதுக்கு உன்கிட்ட என்ன ஆதாரம்?"

"அளந்து சொல்ற மாதிரி இப்போ என்கிட்ட எதுவும் இல்லை சார்."

முதலாளி மெல்லப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை பாதி தூரம் வந்திருந்தபோது, இரண்டாவது வரிசையில் ஒரு விறைப்பான பருத்திப் புடவை எழுந்தது.

"என்கிட்ட இருக்கு," என்றார் பெரிய டீச்சர்.

நடந்து போய் மேடை ஏறினார். பணி ஓய்வு நெருங்கும் வயது வரை எந்த அதிகாரிக்கும் ஒரு பொட்டு அழுக்கைக் காட்டாத பெண்மணி, கண்ணாடிப் பையின் வாயைப் பிரித்து, வெள்ளை விரிப்பின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். பஞ்சு உருண்டைகள் கற்களைப் போல உருண்டன. ஒன்று ஓடிப் போய்க் கேடயத்தில் மோதி நின்றது. கூடவே எழுந்த சாம்பல் மேகத்தில் மேடை முழுவதும் இருமியது. முதலாளிதான் எல்லாரையும்விட அதிகம் இருமினார். அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

"அளவு எனக்குத் தெரியாதுங்க," என்றார் பெரிய டீச்சர். "மூணு சின்ன அட்டையில, தினம் சாயங்காலம் துடைச்சது இவ்வளவு. என் பசங்க சுவாசிக்கறதை யாரும் துடைக்கலை."

அதிகாரி ஒரு உருண்டையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கப் பார்த்தார். அது நசுங்கவில்லை. முன்னால் இருந்த ஃபைலை மூடினார். "அனுமதி நிறுத்தி வைக்கப்படுது. மறுபடி முறையா அளக்கணும். யார் அளப்பாங்க?"

"நான்தான் சார்," என்றாள் மாணவி. "தினமும் மாடி ஏறுவேன். எதுக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு ஏறுவேன்."

கேடயம் முதலாளியின் கையிலேயே தங்கிவிட்டது. முதல் வரிசையில் அப்பா எழுந்து நின்றார். கைதட்டவில்லை. மேடைப் படிக்கட்டின் அடியில் போய் மகள் இறங்குவதற்காக நின்றுகொண்டார்.

"மேடம், ஒரு வாசல் போஸ்டர் வீணாப் போச்சு," என்றான் ஒட்டடை.

"ஆலை பெயரை மட்டும் கிழிச்சிட்டு முகத்தை விட்டுடச் சொல்லு," என்றார் வக்கீலம்மா.

மேடையில் பெரிய டீச்சர் அந்த வெள்ளை விரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பல் அதில் அப்பிக் கிடந்தது. பல வருஷத்துப் பழக்கம். அவர் கை தானாக இடுப்புக்குப் போய்க் கைக்குட்டையை உருவி, மேஜையை நோக்கி நீண்டது.

மாணவி ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், துடைக்காதீங்க."